பாய் விரிப்பதற்கு முன்

யோகா என்றதும் பாயை விரித்து உடம்பை வளைப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பதஞ்சலியின் யோக சூத்திரமோ வேறு மாதிரி. சுமார் 195 சூத்திரங்கள் கொண்ட அந்த நூலில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. அங்கும் ஓர் ஆசனத்தின் பெயர்கூட இல்லை. அசையாமலும் சிரமமில்லாமலும் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனத்துக்கு மூன்றாம் இடம். அதற்கு முன்னே இயமமும், தன்னொழுக்கமான நியமமும் வந்துவிடுகின்றன. கொல்லாமை, பொய்யாமை, திருடாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்க்காமை ஆகிய ஐந்தும் இயமம். அண்டை வீட்டாரிடமும் கடைக்காரரிடமும் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதிலேயே யோகம் தொடங்கிவிடுகிறது. இன்றைய வகுப்புகள் பலவற்றில் இந்தப் பகுதி விடுபட்டுப்போவது பெரிய இழப்பு.

தமிழில் திருமூலர் இதே எட்டு அங்கங்களைத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் விரிக்கிறார். மூச்சுக்கு அவர் தரும் கணக்கு துல்லியமானது. இடது நாசி வழியே 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை உள்ளே நிறுத்தி, 32 மாத்திரையில் வெளியே விட வேண்டும். ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம். படிக்கச் சுலபம்; ஆனால் பழகாதவர் ஆசான் துணையில்லாமல் இதில் இறங்கக் கூடாது.

அப்படி ஓர் ஆசான் கிருஷ்ணமாச்சாரியார். 1930களில் மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்த அவர் பின்னாளில் சென்னையில் குடியேறினார். யோக ஆசிரியர்களான பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவருடைய மாணவர்கள். சென்னையில் அவர் வருபவரின் வயது, உடல்நிலை பார்த்து ஆளுக்கு ஆள் பயிற்சியை மாற்றித் தந்தார். வேதம் ஓதுவதையும் சேர்த்தே கற்பித்தார்.