கூரையில்லாதவனின் கணக்கு



கோலாலம்பூருக்குப் போய் வரும்பொழுது, சௌக்கிட் பக்கமும் மஸ்ஜித் ஜாமேக் பக்கமும் கடைகளின் ஐந்தடியில் அட்டையை விரித்துப் படுத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் கை நீட்டிக் காசு கேட்டிருப்பார்கள். "கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, வேலை செய்து ஓர் அறை எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று நமக்குக் கோபம் வருவது இயல்பு. அந்தக் கேள்விக்கு விடை காண, அவர்களுடைய வரவு செலவுக் கணக்கை இன்று போட்டுப் பார்ப்போம்.

ஒருவருக்கு நாட்கூலி 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் இருபது நாள் வேலை கிடைக்கிறது. ஆக, வருமானம் 1,200 வெள்ளி. மலிவான விடுதியில் ஒரு கட்டிலுக்கு ஓர் இரவு வாடகை 25 வெள்ளி என்றால், முப்பது இரவுக்கு 750 வெள்ளி ஆகிறது. மீதி 450. அதாவது, ஒரு நாளைக்கு 15 வெள்ளி. அடுப்பில்லாதவர் மூன்று வேளையும் கடையில்தான் சாப்பிட வேண்டும். நம் லயத்தில் ஒரு கிலோ அரிசி வடித்தால் நாலு பேர் இரண்டு வேளை பசியாறலாம். அவருக்கோ ஒவ்வொரு வேளையும் கடை விலை. கழிப்பறைக்குக் காசு, குளிக்கக் காசு, பையை நம்பி வைக்க ஓரிடம் வேண்டுமானால் அதற்கும் காசு. மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும்?

இப்பொழுது இன்னொரு கணக்கு. அதே ஊரில் ஓர் அறையின் மாத வாடகை 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விடுதிக்கு 750 கொடுப்பவர் ஏன் அதற்குப் போகவில்லை? அறைக்குள் நுழையுமுன் இரண்டு மாத வாடகை முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கென்று அரை மாத வாடகை ஆகியவற்றைக் கேட்பது நம் நாட்டு வழக்கம். கூட்டிப் பாருங்கள், 1,400 வெள்ளி! அந்தப் பணத்தை ஒரே சமயத்தில் கொடுக்க முடியாத காரணத்தால், அவர் மாதாமாதம் 350 வெள்ளி அதிகம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஏழைக்குத்தான் எல்லாம் விலை கூடுதல் என்பது இதுதான்.

நாலு நாள் மழை பெய்து வேலை நின்றால், அவர் விடுதியிலிருந்து ஐந்தடிக்கு வருகிறார். அங்கே நிம்மதியான தூக்கம் இல்லை. கண்ணயர்ந்தால் செருப்பும் பையும் போய்விடும். பையோடு அடையாளக் கார்டும் போனால், வேலை கேட்கப் போன இடத்தில் காட்ட ஒன்றுமில்லை. வங்கியில் கணக்குத் திறக்கவும் வழியில்லை. அதன் பிறகுதான் பலர் கை நீட்டுகிறார்கள். பிச்சைக் காசும் நிலையான வருமானமன்று. இன்று கிடைப்பது நாளை கிடைக்காது. கிடைத்ததைச் சேர்த்து வைத்தால் இரவில் களவு போகும். ஆகவே அன்றைக்கன்றே செலவாகிறது. "இவன் சேமிக்கத் தெரியாதவன்" என்கிறோம். பூட்டுப் போட ஒரு கதவு இல்லாதவன் எங்கே சேமிப்பான்?

சட்டமும் இதில் உண்டு. 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்படி, பிச்சையெடுப்பவர் மட்டுமல்ல, பிழைப்புக்கு வழியும் தங்க இடமும் இல்லாமல் பொது இடத்தில் திரிபவரும் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்படலாம். மூன்று ஆண்டுகள் வரை நலன்புரி இல்லத்தில் வைக்கப்படவும் கூடும்.

நேயர்களே, இந்தக் கதை நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அப்படி வெளியேறின. அதைக் கண்டுதான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணமே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று.

ஆகவே, சில காரியங்களை இன்றே செய்து வையுங்கள். ஊழியர் சேமநிதியில் உங்கள் பெயரில் ஒழுங்காகப் பணம் செலுத்தப்படுகிறதா என்று பாருங்கள். அதில் ஒரு பகுதியை வீடு வாங்குவதற்கு முன்கூட்டியே எடுக்கலாம். 55 வயதில் மொத்தமாகக் கைக்கு வந்தால், கல்யாணச் செலவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கொடுக்குமுன், தலைக்கு மேல் ஒரு கூரைக்கு ஒதுக்குங்கள். ஆட்குறைப்பு நேர்ந்தால், 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, ஆண்டொன்றுக்கு இருபது நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். அடையாளக் கார்டின் நகலை நம்பகமான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றரை மாத வாடகைக்குச் சமமான தொகையைத் தனியே சேர்த்துத் தொடாமல் வையுங்கள். அதுவே நகரத்தில் உங்கள் கதவைத் திறக்கும் சாவி.

ஐந்தடியில் நம்மவர் ஒருவரைக் கண்டால், காசு கொடுப்பதும் கொடாததும் உங்கள் மனம். ஆனால், "எந்த ஊர் ஐயா, கார்டு இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 15999 என்ற உதவி எண்ணுக்கு அவருக்காகத் தொலைபேசியில் சொல்லுங்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள் பெரியோர். அந்த வளையை இழந்தவர் சோம்பேறி என்று முடிவு கட்டுமுன், அவருடைய கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்போம்.