காப்பும் கலக்கமும்

திருகோணமலைத் துறைமுகத்தை மாலுமிகள் பாதுகாப்பான துறை என்று நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளனர். நிலம் சூழ்ந்த குடாவும் ஆழ்ந்த நீரும் இருத்தலின், பருவக்காற்று எத்திசையினின்று வீசினும் கப்பல்கள் அங்கே அமைதியாகத் தங்கலாம். ஆயினும் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தது அத்துறையின்மீதே. கப்பலுக்குக் காப்பளித்த இடம், கப்பல்கள் தங்கிய காரணத்தாலேயே ஊராருக்கு ஆபத்தான இடமாயிற்று. 'பாதுகாப்பின்மை' என்னும் சொல்லை ஆராய்வதற்கு இதனினும் தக்க இடம் அரிது.

'இன்செக்கியூரிற்றி' என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீன் மொழியின் வழிவந்தது. அதன் மூலத்தில் 'கவலை நீங்கிய' என்னும் பொருளுடைய சொல் உண்டு. அதன் மறுதலையே இது. தமிழ்ச் சொல்லோ 'கா' என்னும் வினையடியைத் தன்னுட் கொண்டது. காவல், காப்பு, காவலன் என்பன அதன் இனச் சொற்கள். ஆங்கிலச் சொல் உள்ளத்தைச் சுட்டித் தொடங்க, தமிழ்ச் சொல் மதிலைச் சுட்டித் தொடங்குகின்றது.

இவ்வேற்றுமையை மறந்து, எல்லாவிடத்தும் ஒரே சொல்லை ஆளுதல் பொருந்தாது. விளக்கில்லாத தெருவில் இரவில் நடப்பவர்க்கு உள்ளது பாதுகாப்பின்மை. நாளைக்கு வேலை உண்டோ இல்லையோ என்றிருக்கும் நாட்கூலியாளர்க்கு உள்ளது நிலையின்மை. தொழிலாளரின் முதுமைக் காலத்தை எண்ணி இலங்கையில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நிதிக்கு 'ஊழியர் சேமலாப நிதி' என்று பெயர். 'சேமம்' என்ற பழஞ்சொல் அதில் நன்கு பொருந்தியுள்ளது. விடை தெரிந்தும் எழுந்து கூறத் தயங்கும் மாணவனுக்கு உள்ளது தன்னம்பிக்கைக் குறைவு.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. அதன்பின், கடல் அடங்கிக் கிடக்கும் இரவிலும் அலையோசை கேட்டு விழித்துப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கும் தாய்க்கு உள்ளது மனக்கலக்கம். "கதவு பூட்டித்தானே இருக்கிறது, பயப்படாதே" என்று அவளுக்குக் கூறுதல் விடையாகாது. அவள் கேட்பது பூட்டன்று. தன் அச்சத்தைப் பொறுமையுடன் கேட்கும் ஒரு செவி.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறிய கோட்டை இன்றும் அக்கடலோரத்தில் நிற்கின்றது. மதிலால் தீரும் குறை எது, மதிலால் தீராத குறை எது என்று பிரித்தறிந்து பெயரிடுவோமாயின், நேயர்களே, அருகிலிருப்பவர்க்குச் செய்யத்தக்க உதவி இன்னதென்பதும் விளங்கும்.