வஞ்சிரமும் மாணவர் பணப்பையும்



கடலோர நகரங்களில் கல்வி பயிலும் இளைஞர் பலருக்குத் தூண்டில் மீன்பிடிப்பில் ஆர்வம் பெருகி வருகிறது. அவர்களுள் ஒருவரையேனும் நான் சந்திக்கும்போது கேட்கப்படும் வினா பெரும்பாலும் ஒன்றே: “கிங்ஃபிஷ் பிடிப்பதற்கு ஏற்ற தூண்டில் சாதனம் எது? அது எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைக்குமா?” கிடைக்கும் என்பதே என் விடை. ஆனால் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். இல்லையேல் முதல் ரூபாயே வீணாகும்.

கிங்ஃபிஷ் என்ற பெயர் ஒரே மீனுக்கு உரியதன்று. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அப்பெயரால் வழங்கும் மீன் வேறு. அது பாரை மீனின் சுற்றம். நம் நாட்டில் அப்பெயர் குறிப்பது, சென்னையில் வஞ்சிரம் என்றும், தென்கடற்கரையில் சீலா என்றும், குமரிப் பகுதியில் நெய்மீன் என்றும், இலங்கையில் அறக்குளா என்றும் அழைக்கப்பெறும் மீனையே. இவ்வினத்தின் பேருருவ மீனுக்கு, ஃபிலிபேர் கொமேர்சொன் என்னும் பிரெஞ்சு இயற்கை நூலறிஞரின் பெயர் அறிவியல் பெயராக அமைந்துள்ளது. அதன் உறவாகிய புள்ளிச் சீலாவோ, நம் தரங்கம்பாடியில் கிடைத்த மீனைக் கொண்டு 1801-ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று.

பெயர் ஒன்றாயிருப்பினும் இவ்விரு மீன்களின் இயல்பு நேர் எதிரானது. தென்கடல் நாடுகளின் கிங்ஃபிஷ், தூண்டில் தைத்தவுடன் அடிக்கடலின் பாறையிடுக்கை நோக்கிப் பாயும். அதனைத் தடுத்து நிறுத்த முரட்டுக் கோலும், வலிய ரீலும், மிகப் பருமனான நூலும் வேண்டும். ஆனால் அதற்கு நூலை நறுக்கும் கூரிய பல் இல்லை. ஆதலின் எஃகுக் கம்பி தேவைப்படுவதில்லை. நம் வஞ்சிரமோ பாறையை நாடுவதில்லை. மேல்நீரில் அம்புபோல் நெடுந்தொலைவு ஓடும். அதன் வாயில் இருப்பவையோ முக்கோண வடிவான கத்திகள். எத்துணைப் பருத்த நைலானாயினும் ஒரே கடியில் இரண்டாகும். அயல்நாட்டு நூலையோ விலைப்பட்டியலையோ படித்துவிட்டு, “கிங்ஃபிஷ் சாதனம்” என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கும் மாணவன், தனக்குத் தேவையில்லாத வலிமைக்குப் பெரும்பணம் கொடுத்து, தனக்கு இன்றியமையாத ஒரு சாண் கம்பியை வாங்காமல் கடலுக்குச் செல்கிறான்.

எனவே நம் மீனுக்கு வேண்டுவன மூன்று: பல்லுக்கு ஈடு கொடுக்கும் கம்பி, ஓட்டத்திற்கு ஈடு கொடுக்கும் நூல், அந்நூலைச் சீராக விட்டுக்கொடுக்கும் தடை. கடைக்காரர் கண்ணாடிப் பேழையிலிருந்து எடுத்துக் காட்டும் மற்றைய சிறப்புகளெல்லாம் இவற்றிற்குப் பின்னரே.

முதலில் மிகக் குறைந்த செலவுள்ள வழியைச் சொல்லிவிடுகிறேன். கரையிலிருந்து வஞ்சிரம் பிடிப்பது நம் கடற்கரையில் அரிய நிகழ்ச்சி. பெரும்பாலும் அது படகில் சென்றே பிடிக்கத்தக்க மீன். அனுபவமுள்ள மீனவர் ஒருவரின் படகில், அவர் இசைவுடன் செல்வீர்களாயின், கோலும் ரீலும் இன்றியே காரியம் கைகூடும். ஒரு மரக்கட்டையில் சுற்றிய கைத்தூண்டிலே போதும். 1 மில்லிமீட்டர் பருமனுள்ள நைலான் நரம்பு 100 மீட்டர், ஒரு சுழலி, ஒரு முழக் கம்பி, இரண்டு முள். எல்லாம் ஓராயிரம் ரூபாய்க்குள் அடங்கும். இதற்கு இத்துணைப் பருமனான நரம்பு எதற்கு என்று வினவலாம். மீனுக்காக அன்று, உங்கள் கைக்காக. மெல்லிய நரம்பு, ஓடும் மீனின் வேகத்தில், விரலை எலும்புவரை அறுத்துவிடும். விரல்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறையாக அணிந்து கொள்ளலாம். நரம்பைக் கையில் மட்டும் ஒருபோதும் சுற்றிக் கொள்ளலாகாது. சுற்றிய கையை மீன் கடலுக்குள் இழுத்துச் சென்ற கதைகளைக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கைத்தூண்டிலை நான் தாழ்வாக எண்ணவில்லை. உண்மையைச் சொன்னால், முதல் ஆண்டு முழுவதும் அதனோடேயே பழகுவது நன்று என்பதே என் கருத்து. மீனின் ஓட்டத்தை விரலால் உணர்ந்தவனுக்கு, பின்னர் ரீலின் தடையை எப்படி வைப்பது என்பது தானே விளங்கும்.

இனி, கோலும் ரீலும் வேண்டும் என்ற முடிவோடு ரூ. 5,000 திரட்டி வைத்திருக்கும் மாணவனிடம் வருவோம். அத்தொகையில் ரூ. 2,000 அளவு ரீலுக்கும், ரூ. 1,200 அளவு கோலுக்கும், ரூ. 600 அளவு நூலுக்கும் ஒதுக்கி, எஞ்சிய ரூ. 1,200-ஐ முள், கம்பி, சுழலி, பொய்யிரை ஆகியவற்றிற்கென வைத்துக் கொள்ளுமாறு சொல்வேன். கடைசித் தொகையைக் கேட்டு முகம் சுளிப்பவர் உண்டு. “நாலாயிரத்து எண்ணூறுக்கு நல்ல கோலும் ரீலும் வாங்கிவிட்டு, மீதி இருநூறுக்கு முள் வாங்கினால் என்ன?” என்பர். மீன் உங்கள் கோலைக் காண்பதில்லை. அது அறிவது கடைசி இரண்டு முழத்தை மட்டுமே. சங்கிலி அறுவது அதன் நலிந்த கண்ணியில் என்பதைப் பௌதிகம் பயில்வோர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரீலைத் தெரிந்தெடுப்பதில்தான் இளைஞர் பெரிதும் மயங்குகின்றனர். பெட்டியின்மீது “பத்து உருள்குண்டு”, “பன்னிரண்டு உருள்குண்டு” என்று அச்சிட்டிருப்பர். உருள்குண்டுகளின் எண்ணிக்கையால் மட்டும் ரீல் சிறந்துவிடாது. உப்பு நீர் புகுந்தால் துருப்பிடிக்கும் இடங்களும் அத்தனை. நாம் காணவேண்டியது தடை எவ்வளவு சீராக இயங்குகிறது என்பதே. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. உங்கள் ஆய்வுக்கூடத்தில் உள்ள சுருள்வில் தராசு போன்ற ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ரீலின் நூலைத் தராசின் கொக்கியில் கட்டி, தடையை 3 கிலோ அளவில் வைத்து, நிதானமாக இழுங்கள். முள் 3 கிலோவிலேயே ஏறக்குறைய அசையாமல் நின்று, நூல் வழவழவென்று வருமாயின் அது நல்ல ரீல். முள் 2-க்கும் 5-க்குமாகத் துள்ளினால், விலை எதுவாயினும் அதனை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடைக்காரர் வியப்போடு பார்க்கலாம், பார்க்கட்டும்.

3 கிலோ என்று ஏன் சொன்னேன்? 0.40 மில்லிமீட்டர் பருமனுள்ள நைலான் நரம்பு ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தாங்கும். தடையை நூலின் வலிமையில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை வைப்பது வழக்கம். எஞ்சியது எதிர்பாராத இழுப்புக்கும், முடிச்சின் நலிவுக்கும் உரிய சேமிப்பு. இதில் நுட்பம் ஒன்று இருக்கிறது. நூல் நிறைந்த உருளையின் ஆரம் 3 செ.மீ. என்று கொள்வோம். மீன் ஓடி ஓடி நூலின் பெரும்பகுதியை இழுத்துச் சென்றபின் அது 2 செ.மீ. ஆகிறது. தடையின் திருப்புவிசை மாறவில்லை. ஆயினும் ஆரம் குறைந்தமையால் நூலின்மேல் விழும் இழுப்பு ஒன்றரை மடங்காகிறது. கரையில் 3 கிலோவாக வைத்தது இப்போது நாலரைக் கிலோ. அதன்மேல், நீரில் கிடக்கும் நெடிய நூலைத் தண்ணீரும் இழுக்கிறது. பழகாதவன் இந்நிலையில் அஞ்சித் தடையை இறுக்குகிறான்; நூல் அறுகிறது. அவன் செய்ய வேண்டியது சற்றே தளர்த்துவது.

நூலைப் பொறுத்தவரை, இன்று பின்னல் நூலின் புகழ் ஓங்கியிருக்கிறது. ஒரே பருமனில் நைலானைவிட அது பன்மடங்கு வலியது என்பது மெய்தான். எனினும் தொடக்கநிலை மாணவனுக்கு ஒற்றை நரம்பாகிய நைலானையே நான் பரிந்துரைப்பேன். நைலான் அறுபடுமுன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவு நீளக்கூடியது. மலிவான ரீலின் சிறு துள்ளலையும், பதற்றக்காரனின் திடீர் இழுப்பையும் அந்த நெகிழ்ச்சி வாங்கிக் கொள்கிறது. பின்னல் நூலோ நீளாது; பிழையை மன்னிக்காது. “இன்னும் பருத்த நரம்பு வாங்கினால் அச்சமில்லையே” என்று நினைக்கவும் வேண்டாம். நூலின் வலிமை அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அது ரீலில் அடைக்கும் இடமும் அவ்வாறே. 0.40 மி.மீ. நரம்பு 250 மீட்டர் கொள்ளும் உருளையில், 0.50 மி.மீ. நரம்பு 160 மீட்டரே கொள்ளும். ஓட்டக்கார மீனுக்கு நீளமும் ஒரு வலிமை.

நைலான், 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் துபோன் நிறுவனம் உலகுக்கு அறிவித்த பொருள். அதற்கு முன்பு பருத்தி, சணல் முதலிய இழைகளைத் திரித்தும் முறுக்கியும் தூண்டில் கயிறாக்கினர். ஒவ்வொரு நாளும் உலர்த்தாவிடில் அவை மக்கிப்போகும். நைலான் மக்குவதில்லை. ஆனால் வெயில் அதற்குப் பகை. ஆதலின் கடையின் வாயிற்புறம் வெயிலில் தொங்கும் நரம்பை எத்துணை மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

கோலைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. கண்ணாடியிழைக் கோல் கனமானது, ஆனால் முரடானது. படகின் விளிம்பில் மோதினாலும் எளிதில் உடையாது. கரியிழைக் கோல் மெல்லியது, இலேசானது, விலை மிக்கது. மேலும் அது மின்சாரத்தைக் கடத்தும் தன்மையது. இடிமழை நேரத்திலும், மின்கம்பிகளுக்குக் கீழும் அதனை ஏந்தி நிற்றல் உயிருக்கு ஆபத்து. மாணவனுக்குக் கண்ணாடியிழையே சாலும். பழைய கோல் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். வாங்குமுன், நூல் ஓடும் வளையங்கள் ஒவ்வொன்றினுள்ளும் சிறிது பஞ்சை நுழைத்துத் திருப்பிப் பாருங்கள். பஞ்சிழை சிக்கினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது. அவ்வெடிப்பு உங்கள் நூலையும் அறுக்கும்.

இப்போது அந்தக் கடைசி இரண்டு முழத்திற்கு வருவோம். முள்ளின் எண்கள் புதியவரைக் குழப்பும். வெறும் எண்ணாக இருந்தால் எண் பெருகப் பெருக முள் சிறுத்துக்கொண்டே போகும். எண்ணுக்குப் பின் கோடும் சுழியும் இருந்தால், எண் பெருகப் பெருக முள் பருக்கும். வஞ்சிரத்திற்கு இரண்டாம் வகையில் ஐந்து அல்லது ஆறு பொருந்தும். முள்ளின் நுனியை நகத்தின்மேல் மெல்ல வைத்து இழுங்கள். வழுக்கினால் மழுங்கியது, பற்றினால் கூரியது. மழுங்கியதை ஒரு சிறிய அரம் சீராக்கிவிடும். கம்பி துருவேறா எஃகாக இருக்கட்டும். ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நீளம் போதும். அதற்கும் வழியில்லாதபோது இசைக்கருவிக்குரிய எஃகுத் தந்தி ஓரிரு நாளைக்கு உதவும், பிறகு துருவேறும். வஞ்சிரத்திற்கு இரையின் வாற்பகுதியை முதலில் வெட்டிச் செல்லும் வழக்கம் உண்டு. ஆகவே இரையின் தலையில் ஒரு முள்ளும், கம்பியால் இணைத்து வாலருகே மற்றொரு முள்ளும் வைக்க வேண்டும். ஒற்றை முள்ளோடு போனவனுக்குப் பாதி மத்தி மீனே மிஞ்சும். முடிச்சை இறுக்குமுன் நீரால் நனைத்துக் கொள்ளுங்கள். உராய்வின் வெப்பம் நைலானை நலிவிக்கும்.

பொய்யிரை வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பழைய எவர்சில்வர் கரண்டியின் காம்பை வெட்டியெறிந்து, இரு முனைகளிலும் துளையிட்டு, ஒன்றில் வளையத்தையும் மற்றொன்றில் முள்ளையும் பூட்டினால், நீரில் தள்ளாடிப் பளபளக்கும் தகடு ஆயத்தம். கரண்டித் தகட்டுக்கு ஜூலியோ பியூல் என்ற அமெரிக்கர் 1852-இல் காப்புரிமை பெற்றார். இன்று அது எவர்க்கும் உரியது. உங்கள் விடுதிச் சமையற்கூடத்துக் கரண்டியை மட்டும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

உயிர்காப்புச் சட்டையை நான் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அது தூண்டிற் சாதனமன்று. ஆதலின் அதற்குரிய பணத்தை ரூ. 5,000-லிருந்து எடுப்பதற்கில்லை. அது இல்லாதவன் படகில் ஏறுவதற்கும் இல்லை.

1982-இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்காட்பர் என்னும் கடலோர ஊரில் பிடிபட்ட இவ்வின மீன் ஒன்று 44.9 கிலோ எடை இருந்தது. நம் மாணவனின் தூண்டிலில் அத்தகையது அகப்படும் என்று நான் உறுதி கூற மாட்டேன். அரை முழ நீளமுள்ள குஞ்சு அகப்படுவதே எளிது. ஏறத்தாழ 70 செ.மீ. வளருமுன் இம்மீன் பெரும்பாலும் இனம் பெருக்குவதில்லை. ஆகவே சிறியதை ஈரக்கையால் பிடித்து, குறட்டினால் முள்ளை நீக்கி, உடனே நீரில் விட்டுவிடுங்கள். குறடு பழைய இரும்புக் கடையில் கிடைக்கும்.

பெரியது கிடைத்துவிட்டால் வேண்டுவது பனிக்கட்டி. இதைப் பலர் மறக்கின்றனர். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி ஆகிய இக்குடும்பத்து மீன்களை வெயிலில் போட்டு வைத்தால், அவற்றின் தசையில் ஹிஸ்டமைன் என்னும் பொருள் உண்டாகும். உண்டவர்க்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடலெங்கும் தடிப்பு எழும். சமைப்பதனால் அது அழிவதில்லை. எனவே படகேறும் முன்னரே ஒரு தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டியை உடைத்து நிரப்பிக் கொள்ளுங்கள். மீன் ஒரு பங்கென்றால் பனிக்கட்டியும் ஒரு பங்கு இருக்கட்டும்; அடியிலும் இடையிலும் மேலும் பரப்பி, உருகிய நீர் வடிவதற்குப் பெட்டியின் அடியில் ஒரு துளையிட்டு வையுங்கள்.