நமது தொண்டர் குழு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திருப்பதி வெள்ளக்காடாயிற்று. சுவர்ணமுகி கரைபுரண்டது. இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் வீடுவாசல் துறந்து வெளியேறினர். அந்நாளில் நம் காலனியில் அழையாமலே நாற்பது பேர் திரண்டோம். அரிசி, போர்வை, பால்மாவு சேர்த்தோம். சமைக்கத் தெரியாதவர் பாத்திரம் துலக்கினர். நீர் வடிந்தது, நாமும் வடிந்தோம்.

அதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். தந்தையின் தள்ளுவண்டியை வெள்ளத்திற்குப் பறிகொடுத்த ஒரு மாணவிக்கு மூன்றாண்டுக் கல்லூரிக் கட்டணம் தருவதாக அன்று வாக்களித்தோம், ஓராண்டே தந்தோம். மறு ஆண்டு நம்மிற் சிலர் குண்டக்கல்லுக்கும் காட்பாடிக்கும் மாற்றலாகிப் போயினர். கணக்கு நோட்டு எவரிடம் உள்ளது என்பதே தெரியவில்லை. அப்பெண் இன்று துணிக்கடையில் நிற்கிறாள். நம்மைக் கண்டால் இன்றும் கைகூப்புகிறாள். அதுதான் நமக்குப் பொறுக்கவில்லை.

இதே திருப்பதியில் 1981இல் இராயலசீமா சேவா சமிதி தோன்றியது. பின்னர் ராஷ்ட்ரீய சேவா சமிதி எனப் பெயரை விரித்துக்கொண்டு, மகளிர்க்கும் குழந்தைகட்கும் உழவர்க்கும் தொண்டு செய்தது. ஆசாரிய ரங்கா பெயரில் வேளாண் அறிவியல் நிலையமும் கண்டது. அதனை வளர்த்த திரு. ஜி. முனிரத்தினம் 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம்மை அதனோடு ஒப்பிட்டால் நகைப்பீர்கள். ஆயினும், ஒரு வெள்ளத்தோடு முடியாமல் ஆண்டு முழுதும் நடக்கும் வேலையை அது மேற்கொண்டது என்பதை நாம் கண்டுகொள்ளலாமன்றோ?

இரயில்வேயில் பொறுப்பை ஒப்படைக்காமல் ஒரு குமாஸ்தாவும் நாற்காலியை விட்டெழ இயலாது. அலுவலகத்தில் அவ்வளவு கண்டிப்பாயிருக்கும் நாம், தருமக் கணக்கை மட்டும் சட்டைப்பையில் வைத்தே சுற்றினோம்! இனி அங்ஙனம் ஆகாது. ஆந்திரத்தின் 2001ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி எழுவர் கையொப்பமிட்டால் குழுவைப் பதிவு செய்யலாம். வங்கிக் கணக்கை இருவர் சேர்ந்தே இயக்க வேண்டும். மாற்றலாவோர் எழுத்தில் ஒப்படைத்துச் செல்லட்டும். வருமானவரிச் சலுகைக்கும் பின்னர் விண்ணப்பிப்போம்; ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் தரும் நன்கொடைக்கு அச்சலுகை கிட்டாது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறோம்.

2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அதனால் சித்தூர் அன்பர்கள் தமக்குத் தனிக் குழு வேண்டுமென்கின்றனர். பாகாலா வழியே ஒரே வண்டியில் வந்துபோகும் நாம் எதற்குப் பிரிய வேண்டும்? ஈரூரிலும் கிளை இருக்கட்டும், கணக்கு ஒன்றாயிருக்கட்டும்.

சம்பள நாளில் வீட்டுக்கு நூறு ரூபாய் கேட்கிறோம். முதற் செலவு அந்தப் பெண்ணின் எஞ்சிய ஈராண்டுக் கட்டணம். மீண்டும் படிக்க அவள் இசைவாளா என்பதை நம் தாய்மார்கள் இருவர் நேரிற் சென்று கேட்டு வருவர்.

விருந்துக்குப் பின் வாயிலருகே புதிய நோட்டு இருக்கும். எழுவரில் நால்வர் கையொப்பமிட்டுவிட்டனர்.