சீரியலும் பார்ப்போம், கணக்கும் பார்ப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



“எப்பப் பார்த்தாலும் சீரியல்தானா?” என்று நம்மைக் கேட்காத வீடு இல்லை. ஆமாங்க, பார்க்கிறோம். பொழுதெல்லாம் ஓடியாடி வேலை செய்துவிட்டு ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்தால் அது ஒரு குத்தமா?

எங்கள் குழு ஆரம்பித்தது ‘மெட்டி ஒலி’ ஓடிய காலம். 2002 முதல் 2005 வரை அந்த நேரத்தில் கூட்டம் போட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அன்று விட்டால் போச்சு. மறுநாள் குழாயடியில்தான் கதை கேட்கணும். இன்றைக்கு அப்படி இல்லை. விட்டுப்போனதைச் செல்போனில் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கலாம். அதனால் “சீரியல் இருந்துச்சு, கூட்டத்துக்கு வரலை” என்ற காரணம் இனி செல்லாது என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிட்டோம்!

விட்ட கதையை நாங்கள் சேர்ந்து பேசிக்கொள்வது, சேமிப்பு வசூல் முடிந்த பிறகுதான். அப்படிப் பேசியதில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம்.

2022-ல் வந்த ‘எதிர்நீச்சல்’ எல்லாரும் பார்த்தோம். படித்த மருமகள்களை அடுப்படியில் அடக்கி வைத்த ஆதி குணசேகரனை மாரிமுத்து நடித்தார். 2023-ல் அவர் இறந்தபோது, திட்டிய நாங்களே வருத்தப்பட்டோம். அதில் அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கைச் சுற்றியே கதை பல மாதம் ஓடியது. அப்போது ஒரு அக்கா கேட்டார்: “நம்ம பேருல கடன், கையெழுத்து நம்முது. பணம் யார் கையில இருக்கு?” கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து, 2023-ல் தொடங்கிய ‘சிறகடிக்க ஆசை’. பூக்கட்டி விற்கிற மீனா நம்மில் ஒருத்தி மாதிரி. அதில் ரோகிணி தன் முதல் கல்யாணத்தையும் பிள்ளையையும் மறைத்து, அந்த ஒரு பொய்க்காக ஒன்பது பொய் சொல்வாள். ஒருநாள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் உறுப்பினர் ஒருவர் அழுதுவிட்டார். வீட்டுக்குத் தெரியாமல் வெளியே 30,000 ரூபாய் வாரக்கடன். ஒரு தவணை கட்ட இன்னொரு இடத்தில் கைமாத்து. “நானும் ரோகிணி மாதிரிதான் இருக்கேன்” என்றார்.

நாங்கள் யாரும் அவரைத் திட்டவில்லை. அவர் சம்மதத்தோடு இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். வீட்டுக்காரர் இரண்டு நாள் கோபமாக இருந்தார். மூன்றாம் நாள், “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். தீர்மானம் போட்டு உள்கடன் கொடுத்தோம். வாரக்கடன் அடைந்தது. இப்போது மாதாமாதம் குழுவுக்குத் தவறாமல் கட்டுகிறார்.

சீரியலில் ரகசியம் வெளியே வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கதை ஓடணும் இல்லீங்களா? நம்ம வீட்டில் அப்படி இழுத்தால் ஏறுவது வட்டிதான்.

அதனால் சகோதரிகளே, சீரியல் பாருங்கள், சிரியுங்கள், அழுங்கள். பார்த்ததைக் கூட்டத்தில் வந்து பேசுங்கள். “எனக்கும் அப்படித்தான்” என்று யாராவது மெதுவாகச் சொன்னால், கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு முதலில் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.