நாடா விளக்கில் திருவாதிரை

பெங்களூர் விவேக் நகரில் வாழும் தமிழ் மக்களுக்கு மார்கழி மாதம் விளக்குகளின் மாதம். குழந்தை இயேசு ஆலயம் இருக்கும் வட்டாரம் அது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் வாசல்தோறும் காகித நட்சத்திரங்கள் தொங்கும். அவற்றைச் சுற்றி இப்போது எல்.இ.டி. நாடா விளக்குகளும் ஓடுகின்றன. கடைக்காரர் ஸ்டிரிப் லைட் என்று சொல்லி, மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் விளக்கு அது. எஸ். பி. ரோட்டுக் கடைகளில் அதனுடன் ஒரு சிறு கணிப்பலகையையும் வாங்கிவந்து, பள்ளிப் பிள்ளைகளே நிரல் எழுதி, விளக்கை ஓடவும் மின்னவும் செய்கின்றனர்.

இவ்விளக்கைக் கொண்டு உண்மையான விண்மீன் ஒன்றின் ஒளி மாற்றத்தை வீட்டுச் சுவரில் காட்டுவது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கடைகளில் வாங்கும் கணிப்பலகையில் 'விண்மீன்' என்னும் பெயரோடு ஒரு விளையாட்டு பெரும்பாலும் இருக்கும். எல்லா விளக்குகளும் கண்டபடி மின்னி அணையும். வானம் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. வானத்திற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை எண்ணால் எழுதிய அறிஞர் ஒருவர் நம் சென்னையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர்.

அவர் பெயர் நார்மன் போக்சன். 1861-ஆம் ஆண்டு சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த வானாய்வு நிலையத்திற்குத் தலைவராக வந்து, 1891-இல் இறக்கும்வரை அங்கேயே பணிபுரிந்தார். பழங்காலத்து வானூலார் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை ஆறு வகுப்புகளாகப் பிரித்திருந்தனர். மிகவும் ஒளியுள்ளவை முதல் வகுப்பு. அரிதிற் புலப்படுபவை ஆறாம் வகுப்பு. முதல் வகுப்பு விண்மீன் ஆறாம் வகுப்பு விண்மீனைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு ஒளியுடையது என்பதைக் கொண்டு, ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் உள்ள விகிதம் 2.512 என்று போக்சன் 1856-இல் முன்மொழிந்தார். 2.512-ஐ ஐந்து முறை பெருக்கினால் நூறு வரும். இன்றுவரை உலகமெங்கும் வானூலார் கையாள்வது இந்த அளவையே.

நம் கண்ணின் இயல்பும் ஏறக்குறைய இதைப் போன்றதுதான். ஒரே அகல் எரியும் அறையில் இன்னொரு அகலை ஏற்றினால் ஒளி மிகுந்தது உடனே தெரியும். கார்த்திகைத் திருநாளில் நூறு அகல் எரியும் மண்டபத்தில் ஒன்றைக் கூட்டினால் யாரும் அறியமாட்டார். கூட்டிய ஒளி இரண்டிடத்திலும் ஒன்றே, விகிதம் வேறு. கண் அளப்பது விகிதத்தை.

இது நாடா விளக்குக்கு எப்படிப் பொருந்தும்? ஒவ்வொரு சிறு விளக்கிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். விளக்கு தன்னை நொடிக்குப் பல நூறு முறை ஏற்றி அணைத்து, எரியும் நேரத்தை அந்த எண்ணுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறது. ஆகவே ஒளி எண்ணின் நேர்விகிதத்தில் குறைகிறது. 255, 204, 153, 102, 51 என்று சம படிகளில் எண்ணை இறக்கினால், தொடக்கத்தில் ஒளி குறைவதே தெரியாது. முடிவில் சட்டென்று விழுந்து இருண்டுவிடும். பழகாதவர் எழுதும் நிரலில் ஒளி இயல்பாகத் தோன்றாமைக்குக் காரணம் இதுதான்.

போக்சன் விகிதப்படி இறக்கிப் பாருங்கள். 255-ஐ 2.512 கொண்டு வகுத்தால் 102; மீண்டும் வகுத்தால் 40; பிறகு 16, 6, 3. ஆறு எண்கள், ஆறு வகுப்புகள்! கண்ணுக்குத் தெரியும் வானத்தின் ஆறு வகுப்புகளும் இந்த எளிய விளக்கின் 255 படிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே நிரல் எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: விண்மீன் வகுப்பைச் சீராக மாற்றுக, அதை விளக்கின் எண்ணாக மாற்றுவதைக் கடைசியில் செய்க.

இனி, எந்த விண்மீனைக் காட்டுவது? ஒளி மாறும் விண்மீன்கள் பல உள்ளன. போக்சனின் கீழ்ப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ஆம் ஆண்டு தென்வானத்தில் அத்தகைய விண்மீன் ஒன்றைச் சென்னையிலிருந்தே கண்டறிந்தார். அது ஏறத்தாழ 280 நாட்களுக்கு ஒருமுறை பொலிந்து மங்குகிறது. எனினும் தொலைநோக்கியின்றி அதைக் காண இயலாது. நாம் வெறுங்கண்ணால் காணக்கூடியதும், பெயரை நெடுங்காலமாக அறிந்ததுமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதுவே திருவாதிரை. மேனாட்டார் பெடல்ஜூஸ் என்பர்; நம் கன்னட அண்டை வீட்டார் ஆர்த்ரா என்பர்.

திருவாதிரை செந்நிறப் பெருவிண்மீன். 2019-ஆம் ஆண்டு இறுதியில் அது வழக்கத்திற்கு மாறாக மங்கத் தொடங்கியது. 0.5 அளவிலிருந்த அதன் வகுப்பெண் 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கிற்று. விண்மீன் தன் மேற்பரப்பிலிருந்து வீசிய பொருள் குளிர்ந்து தூசாகி, அதன் ஒரு பகுதியை நம் பார்வையிலிருந்து மறைத்ததே முதன்மையான காரணம் என்று வானூலார் விளக்கினர். சில மாதங்களில் ஒளி பழைய நிலைக்குத் திரும்பியது.

இதை நாடாவில் அமைப்போம். மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட ஐந்து மீட்டர் நாடாவில் 300 விளக்குகள் இருக்கும். ஒன்றைத் திருவாதிரை ஆக்குங்கள். சிவப்பு 255, பச்சை அதில் பாதிக்கும் குறைவு, நீலம் மிகச் சிறிது. மங்கிய நான்கு மாதங்களை, நாளொன்றுக்குப் பத்தில் ஒரு நொடியாகச் சுருக்கினால் பன்னிரண்டு நொடிகள் ஆகும். அந்த நேரத்தில் சிவப்பின் எண் 255-இலிருந்து 93-க்கு இறங்க வேண்டும். மற்ற இரு நிறங்களும் அதே விகிதத்தில் இறங்கட்டும்.

ஒரு விளக்கு தனியே மங்கினால் பார்ப்பவருக்கு அளவு தெரியாது. ஆகவே அருகில் மூன்று விளக்குகளை நீலம் கலந்த வெண்மையாக, மாறாமல் எரியவிடுங்கள். அவற்றின் எண்கள் 81, 85, 52. திருவாதிரையின் பக்கத்தில் வானத்தில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் அவை. வேட்டைக்காரன் என்னும் உருவத்தின் இடைக்கச்சை என்று அவற்றைச் சொல்வர். நடுவிண்மீனின் நிலைக்கு ஏறக்குறைய வந்து நிற்கும் திருவாதிரையைக் கண்டால், அன்று வானத்தில் நடந்தது என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விளங்கும். வானூலார் கண்ணால் அளப்பதும் இப்படித்தான். அண்டை விண்மீனோடு ஒப்பிட்டே அளப்பர்.

எஞ்சிய விளக்குகளில் பத்துப் பதினைந்தை மட்டும் 16, 6, 3 என்னும் மங்கிய எண்களில் வையுங்கள். மற்றவை இருளாகவே இருக்கட்டும். வானம் முழுவதிலும் முதல் வகுப்பு விண்மீன்கள் இருபது அளவே, மங்கியவையோ ஆயிரக்கணக்கில். இதில் மின்சாரச் சிக்கனமும் உண்டு. ஐந்து வோல்ட் நாடாவில் 300 விளக்குகளையும் முழு வெண்மையில் எரித்தால் ஏறத்தாழ 18 ஆம்பியர் தேவைப்படலாம். நாம் சொன்ன அமைப்பு ஓர் ஆம்பியருக்குள் அடங்கும்.

நேயர்களே, சென்னை வானாய்வு நிலையத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. அம்மரபில் வந்த இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இன்று விவேக் நகருக்கு அருகே கோரமங்கலாவில் இருக்கிறது. போக்சனும் ரகுநாதாச்சாரியும் தொடங்கிய வழி, தமிழர் பலர் பிழைப்புத் தேடி வந்த அதே ஊருக்கு வந்து சேர்ந்துள்ளது.

ஆனால் அவ்வூரின் தெருவிளக்குகள் வானத்து விண்மீன்களில் பெரும்பகுதியை மறைத்துவிட்டன. பிறந்த நட்சத்திரம் யாது என்று கேட்டால் நம் பிள்ளைகள் பெயரைச் சொல்வார்கள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஜாதகக் கட்டத்தைத்தான் காட்டுவார்கள். பெயர் நம்மோடு எல்லை கடந்து வந்தது. பொருள் வழியில் எங்கோ தங்கிவிட்டது. மற்ற நட்சத்திரங்களுக்கு எப்படியோ, திருவாதிரைக்கு அக்குறை வேண்டுவதில்லை. நகரத்து ஒளியையும் மீறித் தெரியும் விண்மீன் அது.

மார்கழி மாதத்து இரவு எட்டு மணியளவில், நாடா விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளுடன் மாடிக்குச் செல்லுங்கள். கிழக்கே நோக்குங்கள். வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றிற்கு வடபுறத்தில் செந்நிறத்தில் ஒளிர்வதே திருவாதிரை. சுவரில் பார்த்த நிறமும் அளவும் நினைவில் இருக்குமாயின், பிள்ளைகள் அதைத் தாமே கண்டுபிடித்துவிடுவர்.