கம்பிக்குக் கீழே யாருடைய கணக்கு?



சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் உயர்மின் தடம் வந்தபோது கொங்கு உழவர்கள் போராடினார்கள். நியாயமான போராட்டம். கோபுரம் நின்ற இடத்தில் உழ முடியாது. கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைக் காட்டித்தான் நிலத்துக்குள் வந்தார்கள்.

கோபுர அடிநிலத்துக்கு, நில மதிப்பில் 85 விழுக்காடு என்று 2015இல் ஒன்றிய அரசு வழிகாட்டியது. 2024இல் அது 200 விழுக்காடு ஆனது.

ஆனால் அந்தப் பணம் யாருக்கு? பட்டா யார் பெயரிலோ அவருக்கு. தோப்பில் தேங்காய் பறித்தவரும் களையெடுத்த பெண்ணும் கணக்கிலேயே இல்லை. அவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சமி நிலம் பறிபோன ஊரில் இழப்பீடும் பறித்தவருக்கே போகும்.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், விவசாயக் கூலியையும் குத்தகையாளரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்கிறது. ஆனால் கம்பி போகும் நிலத்தை யாரும் கையகப்படுத்துவதில்லையாம், ‘பயன்படுத்துகிறார்கள்’, அவ்வளவுதானாம். அந்தச் சந்தில்தான் நம் மக்கள் காணாமல் போகிறார்கள்.

சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் வேண்டும். அதற்குத் தடங்களும் வேண்டும். எனவே கேட்போம்: தடம் வரையுமுன் சேரியிலும் கூட்டம் நடத்து. இழந்த வேலைநாளுக்கும் ஈடு கொடு. பஞ்சமி நிலமா என்று பார்க்காமல் காசோலை எழுதாதே.

இதை உழவர் சங்க மேடையிலேயே நின்று கேட்போம்.